மூட்டுக்குள் எண்ணெய் வற்றிப்போகுமா?

கேள்விநாயகம்:
அப்பாவுக்குக் கொஞ்ச நாளாக முழங்கால் வலி. பார்க்க வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பல்லவி: "உள்ளே எண்ணெய் வத்திப்போச்சு, எலும்போட எலும்பு உரசுது, இனிமே அதிகம் நடக்காதீங்க." வைத்தியம் கேட்டு இங்கே வரவில்லை, அதற்கு மருத்துவர் இருக்கிறார். எனக்கு மூட்டு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். உள்ளே எண்ணெய் மாதிரி ஏதாவது உண்மையிலேயே இருக்கிறதா? எவ்வளவு? எங்கே ஊறுகிறது? வற்றுமா? பள்ளியில் பந்து கிண்ண மூட்டு, கீல் மூட்டு என்று படம் வரைந்து பாகம் குறித்ததோடு சரி. துருப்பிடித்த கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுகிற உவமையைத் தாண்டி யாராவது சொல்லுங்களேன்.

எலும்புக்கூடு:
உடற்கூறியல் பாடம் எடுப்பவன் என்ற முறையில் ஆரம்பிக்கிறேன். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

உள்ளே திரவம் உண்டு. அது எண்ணெய் அல்ல. இரத்தத்தின் நீர்ப்பகுதி வடிந்து வருகிறது, அதோடு ஹயலூரோனிக் அமிலம் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறு சேர்கிறது. அதனால்தான் அந்தப் பிசுபிசுப்பு. சைனோவியல் திரவம் என்பார்கள், மூட்டுத்திரவம் என்றும் சொல்லலாம். உடலிலேயே பெரிய அசையும் மூட்டு முழங்கால். நல்ல நிலையில் உள்ள முழங்காலில் இந்தத் திரவம் 4 மில்லிலிட்டருக்கு மேல் இருப்பது அரிது. இரண்டு பரப்புகளின் மேலும் மெல்லிய படலமாகப் பரவியிருக்கும், அவ்வளவே.

இப்போது எல்லோரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிற இடத்துக்கு வருகிறேன். மூட்டு கெடும்போது திரவம் பெரும்பாலும் வற்றுவதில்லை, கூடத்தான் செய்கிறது. வீங்கிய முழங்காலில் ஊசி போட்டு 30, 40 மில்லிலிட்டர் உறிஞ்சி எடுப்பது மருத்துவமனைகளில் வழக்கமான காட்சி. ஆனால் அந்தத் திரவம் நீர்த்துப்போயிருக்கும். ஹயலூரோனிக் அமிலத்தின் செறிவு குறைந்திருக்கும், சங்கிலிகளும் சிறுத்திருக்கும். கெட்டது தரம், அளவு இல்லை.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு எலும்பு முனைகள். ஒவ்வொன்றின் மேலும் வழவழப்பான குருத்தெலும்புப் பூச்சு, பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன். முழங்கால் சில்லின் பின்புறத்தில் மட்டும் இன்னும் தடிப்பு. இரண்டு முனைகளையும் சேர்த்துச் சுற்றி நார்த்திசுவாலான ஓர் உறை. அந்த உறையின் உட்புறத்தில், குருத்தெலும்பு இல்லாத இடங்களில், சில செல்கள் தடிமனே உள்ள சவ்வு. திரவம் ஊறுவது இந்தச் சவ்வு வழியாகத்தான். அதே சவ்வில் இன்னொரு வகைச் செல்கள் உதிர்ந்த துணுக்குகளை விழுங்கிச் சுத்தம் செய்கின்றன. வெளியே எலும்பை எலும்போடு பிணைக்கும் இணைப்பு நார்கள் (ஊர்ப் பேச்சில் 'ஜவ்வு'), அதற்கும் வெளியே தசைநாண்களும் தசைகளும்.

பொறிஞன்:
நான் இயந்திரவியல்காரன், உராய்வு என் தொழில். எலும்புக்கூடு ஐயா திரவத்தைச் சொன்னார். வழுக்கலின் பெருமையில் பெரும்பங்கு குருத்தெலும்புக்கே சேர வேண்டும்.

நல்ல மூட்டின் உராய்வுக் குணகம் (எண் குறையக் குறைய வழுக்கல் அதிகம்) ஏறத்தாழ 0.001 முதல் 0.02 வரை அளக்கப்பட்டிருக்கிறது. பனிக்கட்டி மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைவு. எஃகும் டெஃப்லானும் உரசினால் 0.04 அளவில் வரும். செயற்கைத் தாங்கி எதுவும் இவ்வளவு மெதுவான, நின்று நின்று நகரும், திசை மாறும் அசைவில் இப்படி உழைப்பதை நான் பார்த்ததில்லை.

எப்படி முடிகிறது? குருத்தெலும்பின் எடையில் 70 முதல் 80 சதவீதம் தண்ணீர். கொலாஜன் என்ற புரத இழைகளாலான வலை ஒன்று, அதற்குள் அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறுகள். இவற்றில் எதிர்மின்னூட்டம் நிறைந்திருப்பதால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கின்றன. உப்பி வெளியேறப் பார்க்கும், கொலாஜன் வலை விடாது. ஆக, சும்மா இருக்கும்போதே குருத்தெலும்பு உள்ளழுத்தத்தோடு விறைப்பாக நிற்கிறது.

காலை ஊன்றியதும் உள்ளே உள்ள தண்ணீர் வெளியேறப் பார்க்கிறது. துளைகள் நுண்ணியவை என்பதால் சட்டென்று வெளியேற முடியாது. எனவே சுமையின் பெரும்பகுதியை அந்த நீரின் அழுத்தமே தாங்குகிறது. திடப்பொருளோடு திடப்பொருள் உரசும் பங்கு மிகச் சிறியது. கூடவே மேற்பரப்பில் லூப்ரிசின் என்ற புரதம் ஒட்டிக்கொண்டு, தொடும் இடங்களிலும் வழுக்க வைக்கிறது.

ஒரே இடத்தில் வெகுநேரம் அசையாமல் நின்றால் தண்ணீர் மெல்லக் கசிந்து, உராய்வு ஏறும். நடந்தால் சுமை இடம் மாறிக்கொண்டே இருப்பதால் கசிந்தது மறுபடி ஊறிவிடும். நிற்பதைவிட நடப்பது இதற்கு நல்லது என்பது பொறியியல் கணக்கிலேயே வருகிறது.

சந்தேகப்பிராணி:
இவ்வளவு அற்புதமாக வழுக்கினால் ஏன் சார் தேய்கிறது? உலகத்தில் பாதிப் பேர் வயதானால் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதானே எழுகிறார்கள்?

எலும்புக்கூடு:
நியாயமான கேள்வி. குருத்தெலும்பில் இரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது, நிணநீர்க் குழாயும் கிடையாது. உள்ளே இருக்கும் செல்கள் கன அளவில் சில சதவீதம்தான். அவற்றுக்குச் சாப்பாடு மூட்டுத்திரவத்திலிருந்து ஊடுருவித்தான் வர வேண்டும். தோல் கிழிந்தால் இரத்தம் வந்து, உறைந்து, பழுது பார்க்கும் செல்கள் படையாக வரும். இங்கே வருவதற்குப் பாதையே இல்லை.

வில்லியம் ஹண்டர் 1743இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையிலேயே, புண்ணான குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீள்வதில்லை என்று சொல்லிவிட்டார். அதற்கு நவீன ஆதாரம் வந்த விதம் சுவாரசியமானது. 1950, 60களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் எக்கச்சக்கமாக ஏறி, பிறகு இறங்கியது. உடலில் எந்தத் திசு எப்போது உருவானது என்பதற்கு அது ஒரு முத்திரை. 2016இல் வெளியான ஆய்வில் முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜனைப் பார்த்தார்கள். வளர்ச்சி முடிந்த பிறகு அது கிட்டத்தட்டப் புதுப்பிக்கப்படவே இல்லை. அறுபது வயதிலும் இளமையில் போட்ட அதே வலையில்தான் நிற்கிறோம். வலைக்குள் உள்ள அக்ரிகன் போன்றவை மட்டும் மாறிக்கொண்டிருக்கும்.

தேய்மானம் என்ற சொல்லும் முழுக் கதை இல்லை. உரசி உரசிக் கரைவது மட்டுமல்ல, சவ்வில் லேசான அழற்சி, குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்பில் மாற்றம், ஓரங்களில் எலும்பு முளைப்பது என்று மூட்டு முழுவதுமே மாறுகிற நோய் இது. பழைய காயம், மரபு, உடல் எடை, காலின் வளைவு எல்லாம் சேர்கின்றன.

கேள்விநாயகம்:
குருத்தெலும்பில் நரம்பே இல்லை என்றால் வலி எங்கிருந்து? இன்னொன்று, அப்பாவின் எக்ஸ்ரேயில் முழங்கால் அவ்வளவு மோசமில்லை என்கிறார்கள். ஆனால் வலியோ தாங்க முடியவில்லை.

இயன்முறை:
இயன்முறை மருத்துவத்தில் இருக்கிறேன். தினமும் கேட்கிற கேள்வி இது.

வலி வருவது குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்பிலிருந்து, சவ்விலிருந்து, உறையிலிருந்து, சில்லுக்குக் கீழே உள்ள கொழுப்புத் திசுவிலிருந்து. இவற்றில் எல்லாம் நரம்பு உண்டு. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியவே தெரியாது, எலும்புகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தின் அகலத்தை வைத்து ஊகிக்கிறோம். படம் மோசமாக இருந்து வலியில்லாதவர்களும் உண்டு, படம் சுத்தமாக இருந்து வலியால் துடிப்பவர்களும் உண்டு.

உங்கள் இரண்டாவது தகவல்தான் என்னை யோசிக்க வைக்கிறது. ஒரு மூட்டை அசைக்கும் தசைகளுக்குப் போகும் நரம்புகளே அந்த மூட்டுக்கும் கிளை கொடுக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஜான் ஹில்டன் என்ற அறுவை மருத்துவர் சொன்ன விதி இது. தொடை நரம்பும் அதன் பக்கத்து நரம்பும் இடுப்பு மூட்டுக்கும் கிளை தருகின்றன, முழங்காலுக்கும் தருகின்றன. அதனால் இடுப்பில் உள்ள கோளாறு முழங்காலில் வலியாகத் தெரியலாம். குழந்தைகளிடம் இதை அடிக்கடி பார்ப்போம். முழங்கால் வலி என்று வரும், முழங்கால் பளிச்சென்று இருக்கும், இடுப்பைத் திருப்பினால் அலறும். பெரியவர்களிலும் உண்டு. குனிந்து காலுறை போடக் கஷ்டப்படுகிறாரா, கால் மேல் கால் போட முடிகிறதா என்று அப்பாவைக் கேட்டுப் பாருங்கள் தம்பி. இடுப்பையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்பதில் தப்பில்லை.

அப்புறம் அந்த "அதிகம் நடக்காதீங்க". அடிபட்டு வீங்கிய ஓரிரு நாளுக்கு அது சரி. ஆயுள் முழுக்க அப்படி இருக்கச் சொல்வது கெடுதல். குருத்தெலும்புக்குச் சாப்பாடு போவதே அழுத்தி விடும் அசைவால்தான். கட்டுப்போட்டு மாதக்கணக்கில் அசையாமல் வைத்த மூட்டில் குருத்தெலும்பு மெலிகிறது, மென்மையாகிறது. முழங்கால் மூட்டு நோய்க்கு உடற்பயிற்சியை முதல் சிகிச்சையாகச் சொல்லாத வழிகாட்டு நெறி இன்று அரிது.

சந்தேகப்பிராணி:
சரி, அப்படியானால் ஓடுகிறவர்களுக்கு முழங்கால் நூறு வயது வரை இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓட்டக்காரர்கள் எல்லாம் முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

நெடுநடை:
அந்தப் பட்டைக்காரர்களில் நானும் ஒருவன், ஆனாலும் மறுப்பேன். 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இடுப்பு, முழங்கால் மூட்டு நோய் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2, போட்டிக்காக ஓடும் தொழில்முறை வீரர்களில் 13.3. அளவோடு ஓடினால் முழங்கால் போய்விடும் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

சந்தேகப்பிராணி:
முழங்கால் நன்றாக இருப்பவன்தான் ஓடுவான், வலி வந்தவன் நிறுத்திவிடுவான். அப்படியானால் ஓடுகிறவர்கள் கூட்டத்தில் நோய் குறைவாகத்தானே தெரியும்?

நெடுநடை:
ஒப்புக்கொள்கிறேன். ஓடினால் மூட்டு காக்கப்படும் என்று அதிலிருந்து நிரூபிக்க முடியாது. ஓடினால் கெடும் என்று சொல்வதற்கும் அது உதவவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

பொறிஞன்:
இந்தச் சண்டைக்கு நடுவே சுமைக் கணக்கு ஒன்று. சமதளத்தில் நடக்கும்போதே முழங்காலில் ஏறும் விசை உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு, படி ஏறி இறங்கினால் அதற்கும் மேல். உணரி பொருத்திய செயற்கை மூட்டுகளை வைத்து நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். எடை ஒரு மடங்குதானே, மீதி எங்கிருந்து? தசைகள் இழுப்பதால். மூட்டைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு தசையும் இழுக்கும்போது எலும்புகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது.

ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பைப் பாருங்கள். உடல் எடை மூட்டிலிருந்து தள்ளி உட்பக்கம் விழுகிறது. சரியாமல் பிடிப்பது வெளிப்பக்கத் தசை. ஆனால் அந்தத் தசையின் நெம்புகை நீளம் (மூட்டிலிருந்து விசை இழுக்கும் கோடு வரை உள்ள தூரம்) எடையின் நெம்புகையில் பாதியோ அதற்கும் குறைவோ. எனவே அது எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இழுத்தாக வேண்டும். இரண்டையும் கூட்டினால் தொடை எலும்பின் தலையில் ஏறத்தாழ மூன்று மடங்கு சுமை. இடுப்பு வலிக்காரர் கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடிப்பது இதனால்தான். எதிர்ப்பக்கம் தரையில் கொஞ்சம் ஊன்றினாலே நெம்புகை நீளமாக இருப்பதால் தசையின் வேலை நிறையக் குறையும். சினிமாவில் பாதிப் பேர் தடியைத் தப்பான கையில் பிடிக்கிறார்கள், பார்த்தால் எரிச்சலாக வரும்.

இயன்முறை:
அதே கணக்கின் இன்னொரு முகம்: எடை மிகுந்த, முழங்கால் நோயுள்ளவர்களிடம் செய்து 2005இல் வெளியான ஆய்வில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை நான்கு கிலோ குறைந்தது.

தாமரையிலை:
கல்லூரி முதலாண்டு மாணவி. புத்தகத்தில் முழங்கால் கீல் மூட்டு என்று ஒரு வரி, அடுத்த பக்கத்தில் "மாற்றியமைந்த கீல்" என்று இன்னொரு வரி. எலும்புக்கூடு சார், எது சரி?

எலும்புக்கூடு:
இரண்டாவது, அதிலும் 'மாற்றியமைந்த' என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள் அம்மா. முழங்கை அசல் கீலுக்கு நெருக்கமானது, ஓர் அச்சில் மடங்கி விரியும். முழங்காலை அப்படி நினைத்தால் எதுவுமே புரியாது.

தொடை எலும்பின் கீழ்முனையில் இரண்டு உருண்டையான புடைப்புகள். கீழே கணுக்கால் பக்கம் போகும் எலும்பின் தலையோ கிட்டத்தட்டத் தட்டை. தட்டையின் மேல் உருண்டை உருண்டுகொண்டே போனால் பின்பக்கமாக விழுந்துவிடும். எனவே மடக்கும்போது உருள்வதும் வழுக்குவதும் சேர்ந்தே நடக்கிறது. எவ்வளவு உருள, எவ்வளவு வழுக்க என்பதைக் கட்டுப்படுத்துபவை உள்ளே குறுக்காகப் போகும் இரண்டு இணைப்பு நார்கள். முன்குறுக்கு நார் கீழெலும்பு முன்னால் சறுக்காமல் பிடிக்கிறது, பின்குறுக்கு நார் பின்னால் போகாமல் பிடிக்கிறது. விளையாட்டு வீரர்கள் "ஏசிஎல் போச்சு" என்பது முதலாவதை.

இன்னொரு நுட்பம். காலை முழுதாக நீட்டும் கடைசிச் சில பாகைகளில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று லேசாகத் திரும்புகின்றன. உட்புறப் புடைப்பின் பரப்பு வெளிப்புறத்தைவிட நீளம். வெளிப்புறம் தன் பயணத்தை முடித்த பிறகும் உட்புறத்துக்குக் கொஞ்சம் பாக்கி இருக்கும், அதனால் திருகல். தரையில் கால் ஊன்றியிருந்தால் தொடை எலும்பு உள்நோக்கித் திரும்பும், கால் தொங்கிக்கொண்டிருந்தால் கீழெலும்பு வெளிநோக்கித் திரும்பும். திருகியதும் நார்கள் எல்லாம் இறுகி மூட்டு பூட்டிக்கொள்கிறது. வரிசையில் அசையாமல் நிற்கும்போது முன்தொடைத் தசை தளர்ந்திருந்தும் நாம் விழாமல் இருப்பது இந்தப் பூட்டால். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கீழெலும்பின் முன்மேட்டில் விரல் வைத்துக்கொண்டு காலை மெல்ல நீட்டிப் பாருங்கள். கடைசியில் அந்த மேடு லேசாக வெளிப்பக்கம் நகரும்.

பூட்டைத் திறக்க முழங்காலுக்குப் பின்னால் பாப்லிட்டியஸ் என்று ஒரு சிறிய தசை. தேர்வில் இதற்கு இரண்டு மதிப்பெண்தான். உடலில் அதற்கு இருக்கும் பொறுப்புக்கு இது அநியாயம்.

தாமரையிலை:
நகர்ந்தது சார்! சரி, மெனிஸ்கஸ் எதற்கு? அது கிழிந்தால் எடுத்துவிடுவார்களாமே?

எலும்புக்கூடு:
உருண்டைக்கும் தட்டைக்கும் பொருந்தாது என்றேன் அல்லவா, அந்த இடைவெளியை நிரப்பும் பிறை வடிவ நார்க்குருத்தெலும்பு வளையங்கள் அவை, முழங்காலுக்கு இரண்டு. தொடும் பரப்பைக் கூட்டி அழுத்தத்தைப் பரப்புகின்றன. கால் நீட்டியிருக்கும்போது சுமையில் ஏறத்தாழப் பாதி அவற்றின் வழியாகத்தான் இறங்குகிறது.

ஒரு காலத்தில் இவை பயனற்ற மிச்சம் என்று கருதி, கிழிந்தால் முழுசாக எடுத்து எறிந்தார்கள். 1948இல் ஃபேர்பேங்க் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர், அப்படி எடுத்த முழங்கால்களின் எக்ஸ்ரேக்களில் இடைவெளி குறுகுவது, ஓரத்தில் எலும்பு முளைப்பது, புடைப்பு தட்டையாவது ஆகியவற்றைக் காட்டினார். அப்புறமும் உலகம் திருந்தச் சில பத்தாண்டுகள் பிடித்தன. இப்போது முடிந்தவரை தைத்துக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். வெளிவிளிம்பில் மட்டும் இரத்த ஓட்டம் இருப்பதால் அங்கே கிழிந்தால் ஆற வாய்ப்புண்டு, உள்விளிம்பில் கடினம்.

சந்தேகப்பிராணி:
மூட்டுக்கு நல்லது என்று விற்கிறார்களே, அந்தக் குளுக்கோசமைன் மாத்திரை?

இயன்முறை:
2006இல் 1,583 பேரிடம் செய்த பெரிய ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் குளுக்கோசமைனும் அதோடு விற்கப்படும் காண்ட்ராய்ட்டினும் போலி மாத்திரையை விடக் குறிப்பிடத்தக்க அளவு வலியைக் குறைக்கவில்லை. கடும் வலி உள்ள சிறு பிரிவில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது பலன் இருப்பது போலத் தெரிந்தது. என் பணத்தை நான் அதற்குச் செலவழிக்க மாட்டேன்.

நெடுநடை:
தோள் பற்றி யாரும் பேசவில்லையே? நண்பனுக்கு மூன்றாவது முறையாக நழுவிவிட்டது. இடுப்பும் பந்து கிண்ணம்தான், தோளும் அதேதான். ஏன் ஒன்று மட்டும் நழுவுகிறது?

எலும்புக்கூடு:
கிண்ணத்தின் ஆழம். இடுப்பில் தொடை எலும்பின் தலை பாதியளவு உள்ளே புதைந்திருக்கும். முன்னால் அதைப் பிடித்திருக்கும் இணைப்பு நார் உடலிலேயே வலுவானது. தோளில் கிண்ணம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆழமற்ற சிறு குழிவு, கைத்தலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஒரே நேரத்தில் அதைத் தொடுவதில்லை. பந்தை நடுவில் பிடித்து வைப்பது எலும்பு இல்லை, சுற்றியிருக்கும் நான்கு தசைகளின் நாண்கள். உறுதியை விட்டுக்கொடுத்து வீச்சை வாங்கிய மூட்டு அது. பெரிய மூட்டுகளில் அதிகம் நழுவுவதும் தோள்தான், பெரும்பாலும் முன்பக்கமாக.

அந்த வீச்சும் ஒரே மூட்டின் வேலை இல்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கும் 180 பாகையில் தோள் மூட்டின் பங்கு சுமார் 120. மீதி 60 தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் சறுக்கித் திரும்புவதால் வருகிறது. ஒருவர் முதுகில் உங்கள் கையை வைத்துக்கொண்டு அவரைக் கை தூக்கச் சொன்னால் அது நகர்வது தெரியும்.

இயன்முறை:
நண்பரிடம் சொல்லுங்கள்: முதல் நழுவல் இளவயதில் நடந்தால் மறுபடி நழுவும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் கிண்ணத்தின் விளிம்பில் உள்ள நார்வளையம் கிழிந்துவிடுகிறது. மூன்று முறை ஆகிவிட்டதென்றால் அறுவை மருத்துவரைப் பார்க்காமல் தள்ளிப்போடக் கூடாது.

தாமரையிலை:
உடலில் மொத்தம் எத்தனை மூட்டு சார்? ஒரு தளத்தில் 230, இன்னொன்றில் 360.

எலும்புக்கூடு:
எதை மூட்டு என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. மண்டையோட்டின் தையல்கள் மூட்டா? ஆம், அசையா மூட்டு. பல் தாடைக்குழியில் நிற்பதும் வகைப்பாட்டில் ஒரு மூட்டே. முதுகெலும்பு வட்டுகள் ஓரளவு அசையும் மூட்டு. இவற்றைச் சேர்த்தால் ஓர் எண், விட்டால் வேறு எண். தேர்வில் உங்கள் புத்தகத்தில் இருப்பதை எழுதுங்கள். தொண்டையில் உள்ள நாவடி எலும்பு மட்டும் எந்த எலும்போடும் மூட்டாகச் சேராது, தசைகளாலும் நார்களாலும் தொங்குகிறது. வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்.

கேள்விநாயகம்:
விரல் சொடுக்கும் சத்தம் என்ன? வீட்டில் நான் சொடுக்கினால் "மூட்டு வாதம் வரும்" என்று திட்டு.

பொறிஞன்:
மூட்டை இழுக்கும்போது உள்ளிடம் திடீரென்று பெரிதாகி, திரவத்தில் அழுத்தம் சரிகிறது. கரைந்திருந்த வாயு, பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, பிரிந்து குமிழாகிறது. சத்தம் குமிழ் உருவாகும்போதா, உடையும்போதா என்பதில்தான் வழக்கு. 1947இல் உருவாகும்போது என்றார்கள். 1971இல் உடையும்போது என்று மாற்றினார்கள். 2015இல் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விரலை இழுத்து நேரடியாகப் படம் எடுத்துப் பார்த்தார்கள்: சத்தம் வந்தபின் குமிழ் அப்படியே இருந்தது, ஆகவே மறுபடி உருவாகும்போது. 2018இல் கணித மாதிரி ஒன்று, குமிழ் ஓரளவு சுருங்கினாலே அந்தச் சத்தம் வரும், மீதிக் குமிழ் படத்தில் தெரியலாம் என்று மறுபடி கிளப்பிவிட்டது. வாயு திரும்பக் கரைய 20 நிமிடம் போல ஆகும், அதற்குள் அதே விரல் மறுபடி சொடுக்காது.

எலும்புக்கூடு:
திட்டுக்குப் பதில்: டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐம்பது ஆண்டுகள் இடது கை விரல்களை மட்டும் சொடுக்கி, வலது கையை ஒப்பீட்டுக்கு விட்டுவைத்தார். இரண்டு கையிலும் மூட்டு நோய் இல்லை என்று 1998இல் எழுதினார். 2009இல், சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் வாங்கினார்.

சந்தேகப்பிராணி:
ஒரே ஓர் ஆள், எந்தக் கையைச் சொடுக்கினோம் என்று அவருக்கே தெரியும். இதை ஆய்வென்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இயன்முறை:
அவரை விடுங்கள், சொடுக்குபவர்களையும் சொடுக்காதவர்களையும் ஒப்பிட்ட வேறு ஆய்வுகளிலும் கை மூட்டு நோய் கூடவில்லை. வலியோடு வரும் சத்தம், வீக்கத்தோடு வரும் சத்தம், பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கிற மூட்டு, இவற்றுக்கு மட்டும் மருத்துவரிடம் போங்கள். வலியில்லாமல் படியேறும்போது முழங்கால் நறநறப்பதற்காக வருகிறவர்களை நான் பயிற்சி சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சந்தேகப்பிராணி:
அந்த ஒப்பீட்டு ஆய்வுகளில் எத்தனை பேர்? பார்த்துவிட்டு வருகிறேன்.